இரண்டாம் முறை ஓட்டினால் காணாமல் போகும் எச்சரிக்கை

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், ஒரு மதியம் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

“அக்கா, இந்த வரியை நான் தொடவே இல்லை. ஆனா எனக்கு வார்னிங் காட்டுது.”

“எங்கே, ஓட்டிக் காட்டு.”

ஓட்டினான். பைத்தான் நிரல் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. இன்னொரு முறை ஓட்டினான். அப்போதும் எதுவும் இல்லை.

“இப்பத்தான்க்கா வந்துச்சு. இதோ பாருங்க.” டெர்மினலை மேலே தள்ளிக் காட்டினான். இருந்தது. சின்டாக்ஸ்வார்னிங், செல்லாத எஸ்கேப் தொடர் (பேக்ஸ்லாஷும் ஓர் எழுத்தும் சேர்ந்த குறி), பேக்ஸ்லாஷ் டி (\d), 212-ஆம் வரி. அவன் மாற்றியதோ 40-ஆம் வரியில் இருந்த ஒரு குறிப்புரையை. அதுவும் ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம்.

“சரிக்கா, தானா சரியாயிடுச்சு போல” என்று கிளம்பப் பார்த்தான். நான் விடவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். அவன்மேல் தவறு ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னான். முதல்முறை வந்தது, இரண்டாம் முறை வரவில்லை என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அப்படித் தோன்றவைக்கிற கருவிமேல்தான் எனக்கு வருத்தம். அன்று மதியம் அவனுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நாங்கள் கண்டுபிடித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பைத்தானில் கம்பைல் என்கிற வேலையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது என்பதில்லை, நம் கண்ணில் படாமல் நடக்கிறது. நாம் எழுதிய கோப்பை பைத்தான் முதலில் படித்து, இலக்கணம் பார்த்து, தான் ஓட்டக்கூடிய பைட்கோடாக மாற்றிக்கொள்கிறது. ஓடுவது அந்த பைட்கோடுதான். ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்தால் நேரம் வீணாகும் என்பதால், கிடைத்த பைட்கோடை ஒரு பைசி கோப்பில் சேமித்து வைக்கிறது. 2011-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து இந்தக் கோப்புகள் பைகேச் என்ற தனி ஃபோல்டரில் போய் உட்காருகின்றன. பைத்தான் எழுதுகிற எல்லோரும் அந்த ஃபோல்டரைப் பார்த்திருப்பார்கள். குறியீட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கண்டுகொள்ளக் கூடாத பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டு அப்புறம் மறந்தும் போயிருப்பார்கள்.

அந்த பைசி கோப்பின் தொடக்கத்தில் 16 பைட் தலைப்பு ஒன்று இருக்கிறது. முதல் 4 பைட், எந்தப் பதிப்புக்கான பைட்கோடு என்று சொல்லும் எண். அடுத்த 4, சில கொடிகள். அதற்கடுத்த 4, மூலக்கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம். கடைசி 4, மூலக்கோப்பின் அளவு. அடுத்த முறை அதே மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது பைத்தான் இந்த நேரத்தையும் அளவையும் மூலக்கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் மூலக்கோப்பைத் திறப்பதே இல்லை. நேராக பைட்கோடை எடுத்து ஓட்டிவிடுகிறது.

அந்தத் தம்பியின் வார்னிங் பிறந்தது மூலக்கோப்பைப் படித்துக் கம்பைல் செய்யும் கட்டத்தில். படித்தால்தான் சொல்ல முடியும். சொன்னதை எழுதி வைக்க பைசி கோப்பில் இடமும் கிடையாது. 40-ஆம் வரியில் அவன் ஓர் எழுத்தைத் திருத்தியதும் நேரம் மாறியது. பைத்தான் கோப்பு முழுவதையும் மறுபடி படித்தது. 212-ஆம் வரியில் எப்போதோ யாரோ எழுதிய தவறைப் பார்த்துச் சொன்னது. புது பைசியை எழுதி வைத்தது. அடுத்த முறை படிக்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. 212-ஆம் வரி அப்படியேதான் இருக்கிறது.

வேலையை மிச்சப்படுத்த கேச் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எச்சரிக்கை வரவில்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம்: பார்த்தேன், குறை இல்லை என்பது ஒன்று, பார்க்கவே இல்லை என்பது மற்றொன்று. கதவு பூட்டியிருந்ததால் திரும்பிப் போனவரும், உள்ளே வந்து எல்லாம் பார்த்துக் குறையில்லை என்று போனவரும் ஒரே மாதிரி வெற்றுத் தாளை விட்டுவிட்டுப் போனால், வீட்டுக்காரர் எதை நம்புவது?

இந்தக் குறிப்பிட்ட எச்சரிக்கையின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. ஸ்ட்ரிங்குக்குள் பேக்ஸ்லாஷ் போட்டு அதன் பின் பைத்தானுக்குத் தெரியாத எழுத்தை எழுதினால், பைத்தான் இரண்டையும் அப்படியே விட்டுவிடும். பேக்ஸ்லாஷ் என் (\n) என்றால் புது வரி, பேக்ஸ்லாஷ் டீ (\t) என்றால் டேப். பேக்ஸ்லாஷ் டி-க்கு (\d) எந்தப் பொருளும் கிடையாது, எனவே அது அதுவாகவே நிற்கும். ரீஜெக்ஸ், அதாவது உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிக்கும் தொடர், எழுதுகிறவர்கள் இலக்கத்தைக் குறிக்க பேக்ஸ்லாஷ் டி எழுதுவோம்; பேக்ஸ்லாஷைத் தொடாதே என்று சொல்லும் ஆர் எழுத்தை ஸ்ட்ரிங்குக்கு முன்னால் போட மறந்தாலும் வேலை நடந்துவிடும். இந்தச் சலுகையை ஒருநாள் நிறுத்த வேண்டும் என்று 2016-இல் 3.6 பதிப்பில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும் வகை என்பதால் அவ்வளவாக யார் கண்ணிலும் படவில்லை. 2019-இல் 3.8-இன் சோதனைப் பதிப்பில் அதை வெளிப்படையாகக் காட்டிப் பார்த்தார்கள். வேறு யாரோ எழுதிய லைப்ரரிகளிலிருந்து எச்சரிக்கைகள் வந்து, அவற்றைத் திருத்த வழியில்லாத பயனர்களைத் தொல்லை செய்ததால் இறுதி வெளியீட்டுக்கு முன் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் 2023 அக்டோபரில் வந்த 3.12-இல்தான் எல்லோருக்கும் தெரிகிற சின்டாக்ஸ்வார்னிங் ஆனது.

எல்லோருக்கும் தெரிகிற என்று எழுதிவிட்டேன். எப்போது தெரியும், யாருக்குத் தெரியும் என்பதில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது.

கட்டளையில் நேரடியாகப் பெயர் சொல்லி ஓட்டுகிற கோப்புக்கு பைத்தான் பைசி எழுதுவதில்லை. அதில் தவறு இருந்தால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரும். அதே வரிகளை வெட்டித் தனி மாட்யூலில் ஒட்டி இம்போர்ட் செய்தால் ஒரே ஒரு முறை வரும். குறியீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, இருக்கிற இடம்தான் மாறியது.

பிப் என்கிற நிறுவும் கருவி வழியாக ஒரு லைப்ரரியை நிறுவினால், நிறுவும்போதே பிப் எல்லாக் கோப்புகளையும் கம்பைல் செய்து வைத்துவிடும். அப்போது எழும் எச்சரிக்கைகளைக் காட்டாமல் அடக்கியும் விடும். ஆகவே அந்த லைப்ரரியில் எத்தனை தவறு இருந்தாலும் பயனருக்குத் தெரியவே தெரியாது. அதே லைப்ரரியின் அதே பதிப்பை யூவி என்கிற இன்னொரு கருவி வழியாக நிறுவினால், நாமாகக் கேட்டால் ஒழிய அது முன்கூட்டிக் கம்பைல் செய்வதில்லை; முதல் இம்போர்ட்டில் எச்சரிக்கை கொட்டும், இரண்டாவதில் இருக்காது. உபுண்டு 24.04 இயங்குதளத்தில் பொதி நிறுவும்போது திடீரென்று பைத்தான் எச்சரிக்கைகள் ஓடுவதைப் பார்த்துப் பயந்தவர்கள் இருப்பார்கள். அங்கே நிறுவும் கட்டத்திலேயே கம்பைல் நடக்கிறது, யாரும் அடக்கவில்லை. அவ்வளவுதான்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது சர்வர். நிரல் இருக்கும் ஃபோல்டர் ரூட் பெயரில் இருந்தது. சேவை ஓடுவது வேறு பயனர் பெயரில். அந்தப் பயனரால் பைகேச் ஃபோல்டரில் எழுத முடியாது. எழுத முடியவில்லை என்று பைத்தான் புகார் செய்யாது, சும்மா விட்டுவிடும். ஆகவே சேவை எழும் ஒவ்வொரு முறையும் எல்லா மாட்யூலும் புதிதாகக் கம்பைல் ஆகி, ஒவ்வொரு முறையும் லாகில் எச்சரிக்கை விழும். சர்வரைப் பார்த்துக்கொள்கிற நண்பர் “உங்க கோடுல வார்னிங் வருது” என்று சொல்வார். நாங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு “எங்களுக்கு வரலையே சார்” என்போம். இரண்டு பக்கமும் உண்மைதான் பேசினோம். இருந்தும் இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. எனக்கு இன்னும் மனத்தில் நிற்பது அதுதான். எச்சரிக்கை எப்போதும் வந்தால் திருத்துவோம், எப்போதுமே வராவிட்டால் கவலைப்பட மாட்டோம். சில இடத்தில் சில நேரம் மட்டும் வந்தால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள்.

அப்புறம் சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு. எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருது என்று பைத்தானுக்குச் சொல்ல ஒரு கொடி உண்டு. அதை டெஸ்ட் ஓட்டும் கட்டளையில் சேர்த்தோம். எல்லாம் பச்சை. நம் குறியீட்டில் எச்சரிக்கையே இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். பல மாதம் கழித்து, வேகத்துக்காக ஒருவர் படிகளின் வரிசையை மாற்றி, டெஸ்டை முதலில் வைத்தார். உடனே சிவப்பு. யாரும் தொடாத கோப்புகளில், யாரும் நினைவில் வைத்திராத வரிகளில். வரிசையை மாற்றியவர் பாவம், தன் மாற்றத்தையே மூன்று முறை திரும்ப எடுத்துப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பழைய வரிசையில் டெஸ்டுக்கு முன்னால் தரவுதளத்தைத் தயார் செய்யும் படி ஒன்று இருந்தது. அந்தப் படி எங்கள் மாட்யூல்களை எல்லாம் இம்போர்ட் செய்யும், அதற்கு அந்தக் கொடி கிடையாது. எச்சரிக்கைகள் அந்தப் படியின் லாகில் விழுந்து யாரும் படிக்காமல் போயின. பைசி கோப்புகள் எழுதப்பட்டன. அடுத்து வந்த டெஸ்ட், கொடியோடு ஓடினாலும், தயாராக இருந்த பைட்கோடை எடுத்துக்கொண்டது. கம்பைலே நடக்காதபோது எதைப் பிழையாகக் கருதுவது? நாங்கள் வாசலில் நிறுத்திய காவலுக்கு முன்பே எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்கள்.

இதைத் தேடும்போது பைசி எழுதாதே என்கிற கொடியைப் போட்டுப் பார்த்து அரை நாள் போனது. அந்தக் கொடி புதிதாக எழுதுவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே இருக்கும் பைசியைப் படிப்பதைத் தடுக்காது. கிட் கிளீன் செய்தும் பார்த்தோம். பைகேச் ஃபோல்டர்தான் கண்டுகொள்ளக் கூடாத பட்டியலில் இருக்கிறதே, எக்ஸ் கொடி தராமல் அதை அது தொடாது. இரண்டு முயற்சியிலும் முடிவு பச்சையாகவே வந்ததால் தவறான திசையில் இன்னும் கொஞ்ச தூரம் போனோம்.

பைத்தானை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் கருவியை எழுதக் காரணமே இதற்கு நெருங்கிய ஒரு தொல்லைதான். உடன் வேலை செய்த ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட ஒரு நிரலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் பிழை தேடிக்கொண்டிருந்தாராம். மூலக்கோப்பைத் திருத்தியிருந்தார், ஆனால் அது மறுபடி கம்பைல் ஆகவில்லை. மேக் அந்தத் தொல்லையைத் தீர்த்தது: எது மாறியதோ அதை மட்டும் கம்பைல் செய். ஆனால் சி நிரலை மேக்கில் கட்டுகிற யாருக்கும் தெரியும், இரண்டாவது முறை கட்டினால் முதல்முறை வந்த எச்சரிக்கைகள் வராது. கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்பு புதிதாக இருக்கிறது, எனவே கம்பைலரைக் கூப்பிட வேண்டியதில்லை. விளைவைப் பத்திரப்படுத்தும் வழி கிடைத்தது. விளைவோடு சேர்ந்து சொல்லப்பட்டதைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 2002-இல் எழுதிய சிகேச் எனக்குப் பிடித்த கருவி. சி, சி பிளஸ் பிளஸ் கோப்பைக் கம்பைல் செய்யும்போது அது ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் சேமிப்பதில்லை; கம்பைலர் திரையில் என்ன சொன்னதோ அதையும் சேர்த்தே சேமிக்கிறது. அடுத்த முறை கேச்சிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது அந்த எச்சரிக்கைகளையும் அப்படியே திரும்பச் சொல்கிறது. கம்பைலர் ஓடியதா, ஓடவில்லையா என்று நமக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் சிகேச்சும் வேறொரு பக்கம் தடுமாறியிருக்கிறது. பழைய பதிப்புகள் கோப்பை முதலில் ப்ரீபிராசஸ் செய்து, அதாவது மேக்ரோ என்கிற சுருக்கங்களை எல்லாம் விரித்து, கேச்சில் இல்லை என்றால் அந்த விரித்த வடிவத்தையே கம்பைலரிடம் கொடுத்துவிடும். விரித்த வடிவத்தில் மேக்ரோ எங்கே முடிகிறது, நாம் கையால் எழுதியது எங்கே தொடங்குகிறது என்ற தடயம் போய்விடும். க்ளாங் கம்பைலர், மேக்ரோவிலிருந்து வந்த இரட்டை அடைப்புக்குறிகளைச் சாதாரணமாக மன்னித்துவிடும். தடயம் இல்லாததால் நாமே தேவையில்லாமல் போட்டோம் என்று நினைத்து எச்சரிக்கும். சிகேச் இல்லாமல் கட்டினால் அமைதி, சிகேச்சோடு கட்டினால் கூச்சல். 2016-இல் வந்த 3.3 பதிப்பில், கேச்சில் இல்லாதபோது மூலக்கோப்பையே கம்பைலரிடம் கொடுப்பதை இயல்பாக்கினார்கள். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் எச்சரிக்கை உண்மையானதாக இருக்கும். நல்ல முடிவு அது. அடுத்த ஆண்டே வந்த ஜிசிசி 7 கம்பைலர், ஸ்விட்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கிளைக்குள் விழும் இடங்களில் நாம் எழுதிய குறிப்புரையைப் படித்து, வேண்டுமென்றே செய்தது என்று புரிந்துகொள்ளும் எச்சரிக்கையோடு வந்தது. ப்ரீபிராசஸ் செய்தால் குறிப்புரைகள் எல்லாம் உதிர்ந்துவிடும். பழைய வழக்கமே நீடித்திருந்தால் குறிப்புரை எழுதியவர்களும் திட்டு வாங்கியிருப்பார்கள்.

ரஸ்ட் உலகம் இதே பாடத்தைப் பிறகு கற்றது. ரஸ்ட் நிரல்களைக் கட்டும் கருவியான கார்கோவில் முன்பெல்லாம் முதல்முறை கட்டும்போது எச்சரிக்கைகள் வரும். எதையும் மாற்றாமல் மறுபடி கட்டினால் முடிந்தது என்று ஒரு வரி மட்டும் வரும். எச்சரிக்கைகளை மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்காகவே கோப்பைத் தொட்டு நேரத்தை மாற்றுவோம். 2019 டிசம்பரில் வந்த 1.40 பதிப்பில் கார்கோ எச்சரிக்கைகளையும் சேமித்து, ஒவ்வொரு முறையும் திரும்பக் காட்டத் தொடங்கியது. கிளிப்பி என்கிற ஆலோசனைக் கருவிக்கு மட்டும் சிக்கல் நீடித்தது. தவறுகளை மட்டும் பார்க்கும் செக் கட்டளையை ஓட்டிவிட்டு உடனே கிளிப்பி ஓட்டினால் கிளிப்பி ஒன்றுமே சொல்லாது, ஏனென்றால் இரண்டு வேலையையும் கேச் ஒன்றாகவே கருதியது. 2021 மே மாதம் 1.52-இல் அதையும் சரிசெய்தார்கள். திருத்தக் குறிப்பு சில வரிகள்தான். அது எத்தனை பேருடைய எத்தனை மணி நேரக் குழப்பத்தை நிறுத்தியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு அந்த வேலைமேல் பெரிய மரியாதை வருகிறது.

பைத்தானிலும் இப்படிச் செய்யலாமே என்று தம்பி கேட்டான். செய்யலாம். ஆனால் 2019-இல் 3.8-இன் சோதனைப் பதிப்பில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கையைத் திருத்த முடிகிறவருக்கும், வெறுமனே ஓட்டுகிறவருக்கும் ஒரே கட்டளைதான். கார்கோ சார்புகளிலிருந்து, அதாவது நம் நிரல் நம்பியிருக்கும் பிறர் லைப்ரரிகளிலிருந்து, வரும் எச்சரிக்கைகளை அடக்கிவிட்டு நம்முடையதை மட்டும் காட்ட முடிகிறது, ஏனென்றால் எது நம்முடையது என்று அதற்குத் தெரியும். பைத்தானுக்கு எல்லாம் மாட்யூல்தான். ஆகவே எப்போதும் திரும்பச் சொல் என்பது அங்கே அவ்வளவு எளிதான தீர்வு இல்லை. குறைந்தபட்சம், பிழையாகக் கருது என்று கேட்டவருக்காகவாவது பழைய பைட்கோடை நம்பாமல் மறுபடி படிக்கலாம் என்பது என் ஆசை. 2025 அக்டோபரில் வந்த 3.14-இல், பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள்ளிருந்து ரிட்டர்ன் செய்தால் வரும் எச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறது. விழுங்கப்பட்ட பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் அருமையான எச்சரிக்கை. அதுவும் கம்பைல் நேரத்தில்தான் பிறக்கிறது.

இப்போது எங்கள் சிஐயில் முதல் படியே தனிப் படி. கம்பைல்ஆல் என்கிற மாட்யூலை, பைசி இருந்தாலும் கட்டாயம் மறுபடி கம்பைல் செய் என்ற எஃப் கொடியோடும், எச்சரிக்கையைப் பிழையாக்கும் கொடியோடும் ஓட்டுகிறோம். எங்கள் ஃபோல்டரை மட்டும், சார்புகளை அல்ல. லேப்டாப்பில் சந்தேகம் வந்தால், 3.8-இல் வந்த பைகேச் ப்ரிஃபிக்ஸ் சூழல் மாறியை ஒரு காலி ஃபோல்டருக்குக் காட்டிவிட்டு ஓட்டச் சொல்கிறேன். பழைய பைசி எதுவும் கண்ணில் படாது, எல்லாம் புதிதாகப் படிக்கப்படும்.

கம்பைல்ஆலை அந்தத் தம்பியைத்தான் முதலில் ஓட்டச் சொன்னேன். பட்டியல் நீளமாக வந்தது. பெரும்பாலானவை பேக்ஸ்லாஷ் டி. ஆர் சேர்த்தால் தீர்ந்தது. அவனும் நானும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தோம். ஓர் இடத்தில் அவன் நிறுத்தினான். வரவு செய்திகளிலிருந்து கணக்கு எண்ணைப் பிடிக்கிற ஒரு ரீஜெக்ஸ். பேக்ஸ்லாஷ் பி, அப்புறம் இலக்கங்களுக்கு பேக்ஸ்லாஷ் டி, கடைசியில் மறுபடி பேக்ஸ்லாஷ் பி. முன்னால் ஆர் இல்லை. எச்சரிக்கை பேக்ஸ்லாஷ் டி-யைத்தான் சுட்டியது.

“அக்கா, டி-க்குத்தான் சொல்லுது. ஆனா இந்த பி?”

ரீஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் பி என்றால் சொல்லின் விளிம்பு. ஆனால் ஆர் இல்லாத பைத்தான் ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷ் பி-க்கு ஏற்கெனவே வேறு பொருள் உண்டு: பேக்ஸ்பேஸ் எழுத்து. செல்லுபடியாகும் தொடர் என்பதால் பைத்தான் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. பேக்ஸ்லாஷ் டி தவறாக எழுதப்பட்டும் சரியாக வேலை செய்தது. பேக்ஸ்லாஷ் பி சரியாக எழுதப்பட்டது போலத் தோன்றி, பேக்ஸ்பேஸ் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. எந்தச் செய்தியில் யார் பேக்ஸ்பேஸ் எழுத்தைப் போடப் போகிறார்கள்?

கிட் வரலாற்றைத் திறந்தோம். அந்த வரி மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. 3.12-க்கு மாறிய நாளில், எல்லாக் கோப்பும் ஒருமுறை புதிதாகக் கம்பைல் ஆனபோது, இந்த எச்சரிக்கை யாரோ ஒருவருடைய டெர்மினலில் நிச்சயம் வந்திருக்கும். ஒரே ஒரு முறை.

தம்பி ஆர் சேர்த்தான். டெஸ்டுக்கு ஒரு பழைய செய்தியை எடுத்து வைத்து ஓட்டினான். கணக்கு எண் வந்து நின்றது. அந்த மாட்யூல் எழுதப்பட்டதிலிருந்து அது எதையாவது பிடித்தது அதுதான் முதல்முறை.